நிறுவனங்களின் ‘பொறுப்பு’ப் பக்கங்களை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் தகவல் தொடர்புத் துறையினருக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பைப் பற்றிய உங்கள் இணையப் பக்கங்களில், ‘உமிழ்வு 30% குறைந்தது’ என்று முகப்பில் பெரிதாகப் போடுகிறீர்கள். எந்த ஆண்டை விட? மொத்தத்திலா, ஒரு டன் உற்பத்திக்கா? 1,000 டன் பொருள் செய்து 2,000 டன் கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்ட ஆலை, மறு ஆண்டு 2,000 டன் பொருளுக்கு 2,800 டன் வெளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 2 என்றிருந்தது 1.4 ஆகிவிட்டது. 30% குறைவு என்பது பொய்யில்லை. ஆனால் காற்றில் 800 டன் கூடுதலாகக் கலந்திருக்கிறது. ஆகவே இரண்டு எண்களையும், ஒப்பிடும் ஆண்டையும் ஒரே இடத்தில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

அடுத்தது, எதையெல்லாம் கணக்கில் சேர்த்தீர்கள் என்பது. உமிழ்வை ‘ஸ்கோப்’ என்ற மூன்று பிரிவுகளாகக் கணக்கிடுவார்கள்: சொந்தக் கொதிகலனிலும் வண்டிகளிலும் எரிவது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மூலப்பொருள் தருபவரில் தொடங்கி, பொருளை வாங்கிப் பயன்படுத்தித் தூக்கியெறிபவர் வரை வருவது ஸ்கோப் 3. அதில் 15 வகைகள். பல தொழில்களில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. முதல் இரண்டை மட்டும் கூட்டி ‘எங்கள் மொத்த உமிழ்வு’ என்று எழுதுவது படிப்பவரை ஏமாற்றுவதே. கணக்கிடாத வகைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மின்சாரத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: கிரிட்டின் (பொது மின்கட்டமைப்பின்) சராசரிப்படி ஒன்று, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்காக வாங்கிய பசுமைச் சான்றிதழ்களைக் கணக்கில் எடுத்து ஒன்று. குறைவானதை மட்டும் காட்டாதீர்கள்.

‘கார்பன் நியூட்ரல் பொருள்’ (நிகர உமிழ்வு இல்லாத பொருள்) என்ற முத்திரையை, வேறோர் இடத்தில் உமிழ்வைக் குறைத்ததற்கான கார்பன் கிரெடிட்டை வாங்கி ஒட்டுகிறீர்கள் என்றால் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 ஆணை அதைத் தடை செய்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறை.

சமூகப் பக்கத்தில் மரம் நடும் படங்கள் நிறைய இருக்கின்றன. நட்டதில் மூன்று ஆண்டு கழித்து எத்தனை பிழைத்தன என்ற எண்தான் இல்லை. விபத்துக் கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளரைத் தனி வரியில் காட்டுங்கள். ஆபத்தான வேலையை அவர்களிடம் விட்டுவிட்டு, நிரந்தரப் பணியாளரின் ‘பூஜ்ய விபத்தை’ மட்டும் கொண்டாடுவது அநியாயம்.

கடைசியாக, பழைய அறிக்கைகளை நீக்காதீர்கள், இணைப்பு முகவரியையும் மாற்றாதீர்கள். போன ஆண்டு எண்ணைத் திருத்தினால் பழையது, புதியது, காரணம் மூன்றையும் எழுதுங்கள். அட்டவணைகளைப் படமாக ஒட்டாமல், இறக்கிக் கணக்குப் போடும்படி எக்செல் கோப்பாகவும் கொடுங்கள். தணிக்கையாளர் சரிபார்த்தார் என்றால் எந்தெந்த எண்களை என்று அந்தந்த எண்ணின் அருகிலேயே குறியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளை வரி வரியாகப் படிப்பவர்கள்