வானில் அண்ணன், காட்டில் தம்பி: தாள்கள் சொல்வதைப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் எதிரெதிர்த் தரப்பில் நின்றதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். எடுத்துக்கொண்ட பொருள் மிக முக்கியமானது. ஆனால் 1944-இல் இம்பாலுக்கு மேலே ஆங்கிலேயர் தரப்பின் ஹரிக்கேன் போர் விமானத்தில் பறந்த அண்ணன், கீழே நேதாஜியின் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய இராணுவம்) வீரனாக நின்ற தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுடாமல் திரும்பினார் என்று எழுதியிருப்பது நடக்கக்கூடியதல்ல.

மணிக்கு 400 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 110 மீட்டருக்கு மேல். 300 மீட்டர் தூரம் மூன்று வினாடிக்குள் ஓடிவிடும். கீழே அடர்ந்த காடு. ஐ.என்.ஏ.வினர் பலர் அணிந்திருந்ததும் ஆங்கிலேயர் கிடங்கிலிருந்து வந்த அதே காக்கி உடைதான். பட்டையும் சின்னமும்தான் வேறு. விமானி நம்பியது முகத்தை அல்ல, வரைபடத்தில் போட்டுக் கொடுத்த குண்டுவீச்சு எல்லைக் கோட்டை. கோட்டுக்கு அப்பால் இருப்பவர் எதிரி. காலாட்படை முன்னேறிய தகவல் தாமதமாக வந்தால் கோடு பழையதாகவே இருக்கும். அப்போது சொந்தப் படை மீதே குண்டு விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'விமானப்படையில் இருந்தார்' என்றாலே 'விமானம் ஓட்டினார்' என்று வீடுகளில் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலோர் ஃபிட்டர், ரிக்கர், ஆர்மரர் போன்ற தரைப்பணியாளர்கள். ஹரிக்கேன் IIC வகையில் 20 மி.மீ. பீரங்கி நான்கு, ஒவ்வொன்றிலும் சுமார் 90 குண்டுகள். விசையை விடாமல் அழுத்தினால் ஒன்பது வினாடியில் தீர்ந்துவிடும். அந்தக் குண்டுகள் கோத்த பெல்ட்டை ஆர்மரர், அதாவது ஆயுதப் பணியாளர், துடைத்து, ஒவ்வொரு குண்டையும் வரிசையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் ஏற்றுவார். ஒரு குண்டு நூலளவு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாலும் பீரங்கி சிக்கிக்கொள்ளும். ஓர் இறக்கையின் பீரங்கிகள் நின்று மறுபுறம் மட்டும் சுட்டால், சுடும் பக்கமாக மூக்கு திரும்பிக் குறி தப்பும். தம்பி காட்டில் இருக்க, அந்த பெல்ட்டை ஏற்றிய கைகளும் அண்ணனுடையவையாக இருந்திருக்கலாம். எங்களுக்கு முகம் பார்த்த கதையைவிட இதுதான் நெஞ்சை அழுத்துகிறது.

ஆகவே வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாள்களைப் பாருங்கள். பறந்தவர் என்றால் லாக்புக், அதாவது பறப்புப் பதிவேடு, இருக்க வேண்டும்: தேதி, விமான வகை, எண், பணி, பகல் நேரம், இரவு நேரம் என்று கட்டங்கள் இருக்கும், இரவுப் பறப்பு வழக்கமாகச் சிவப்பு மையில். லாக்புக் இல்லாமல் தொழில் சான்று மட்டும் இருந்தால் அவர் பெரும்பாலும் தரைப்பணியாளர். அது குறைவானதல்ல, விமானப் பராமரிப்புப் படிவமான 'பாரம் 700'-இல் ஒவ்வொரு தொழிலுக்கும் உரியவர் கையெழுத்திட்ட பிறகுதான் விமானி விமானத்தை ஏற்பார். படைப்பிரிவு அன்றாடம் எழுதிய பாரம் 540 பல லண்டன் கியூ ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஐ.என்.ஏ. தாள்களைத் தில்லி தேசிய ஆவணக்காப்பகத்தில் தேடலாம். போருக்குப் பின் ஆங்கிலேயர் ஐ.என்.ஏ. வீரர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள்; 'கறுப்பு' என்று கண்டு வெட்கப்பட ஒன்றுமில்லை, கடைசிவரை உறுதியாக நின்றவர் என்பதே அதன் பொருள்.

நம் குமரி மாவட்டத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1949 ஜூலை வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள், பின்பு 1956 நவம்பர் 1 வரை திரு-கொச்சிக்காரர்கள். சென்னை மாகாணப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று தாலுகா பெயரைப் போட்டு, ஊர்ப்பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலோடு தேடுங்கள். தகப்பன் பெயரே குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கலாம்.

எதிர்த்தரப்பில் பறக்கவே போனவர்களும் உண்டு. நேதாஜி காலத்தில் தென்கிழக்காசியாவிலிருந்து 45 இளைஞர்கள் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். சிலருக்கு விமானப் பயிற்சி. அவர்கள் போரில் இறங்குமுன் போர் முடிந்துவிட்டது. அவர்களைப் பற்றியும் தங்கள் இணைப்பில் எழுத வேண்டுகிறோம்.

அண்ணனின் பதக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்திலும் தம்பியின் விசாரணைத் தாளைப் பரணிலும் வைத்திருக்கும் வீடுகள், இரண்டையும் ஒரே உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் கோத்துத் தாள் ஒட்டிக்கொள்ளும்; பருத்தித் துணி போதும். நம் கடற்கரைக் காற்றில் ஸ்டேப்ளர் ஊசியும் குண்டூசியும் துருவேறித் தாளைத் தின்றுவிடும். முதலில் அவற்றைக் கழற்றுங்கள்.

விமானப்படைப் பராமரிப்புப் பணியில் ஓய்வுபெற்றவர்கள்,
தக்கலை.