வகுப்பறைக்கு முன் விடுதி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. ஓய்வு பெற்றபின் எனக்கு வாசிப்பிலேயே பொழுது போகிறது.

மேய்ச்சல் சமூகத்துப் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பறை கட்டித்தர உங்கள் குழு எண்ணியிருப்பதைச் சொல்லி, என் கருத்தைக் கேட்டிருந்தாய். வகுப்பறைக்கு முன் விடுதியைப் பற்றி யோசியுங்கள் என்பேன்.

மந்தையோடு இடம்பெயரும் குடும்பத்துக்கு, ஓரிடத்தில் நிற்கும் பள்ளி சில மாதங்களுக்குத்தான் எட்டும். கென்யாவில் 2003-இலேயே தொடக்கக் கல்வி இலவசமாகியும், வறண்ட வடபகுதியில் பெண்பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வெளியேதான் இருக்கிறார்கள். தண்ணீர் சுமப்பதும், குட்டிகளைப் பார்த்துக்கொள்வதும், தம்பி தங்கைகளை வளர்ப்பதும் அவர்கள் பொறுப்பு. 2020-இன் இறுதியிலிருந்து ஐந்து மழைப்பருவங்கள் தொடர்ந்து பொய்த்தபோது தண்ணீருக்கான நடை இன்னும் நீண்டது. மாடுகள் மடிந்த வீட்டில், மகளுக்குப் பரிசமாக வரும் கால்நடைகள் இழந்த மந்தையை மீட்கும் வழியாகத் தெரிகின்றன. 2014-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 18 வயதை வரம்பாக வைத்திருந்தாலும், பட்டினி கிடக்கும் தகப்பனின் கணக்கில் சட்டத்தைவிட மாடுதான் கனக்கிறது.

அதற்காக மேய்ச்சல் வாழ்க்கையே கல்விக்குப் பகை என்று நினைத்துவிடாதே. மங்கோலியாவில் நிலைமை தலைகீழ். 1990-களின் தொடக்கத்தில் கூட்டுறவு மந்தைகள் தனியார் கைக்கு மாறியபோது, மேய்க்க ஆள் வேண்டி மகன்களைத்தான் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். மகள்கள் தொடர்ந்து படித்துப் பல்கலைக்கழகம் வரை சென்றார்கள். பிள்ளைகளை விடுதியில் விட்டுப் படிக்கவைப்பது அந்தப் பெற்றோருக்கு ஏற்கெனவே பழகிய ஏற்பாடு. ஆகவே மந்தைக்கு யாருடைய உழைப்பு தேவை, விலகியிருக்கும் பிள்ளை பத்திரமாக இருப்பாளா என்ற இரண்டு கேள்விகளையும் எந்த ஊரிலும் முதலில் கேட்கவேண்டும். (ஆண்பிள்ளைகளுக்கு நேர்ந்ததும் இழப்புதான், அதற்குத் தனிக் கடிதமே எழுதலாம்.)

கென்யாவின் மசாய் என்னும் மேய்ச்சல் சமூகத்தைச் சேர்ந்த காக்கென்யா என்டையா என்ற பெண் 2009-இல் தம் ஊரில் தொடங்கிய பெண்கள் பள்ளியும் தங்கிப் படிக்கும் பள்ளியாகவே வளர்ந்தது. ஆனால் கட்டில் போட்டுவிட்டால் விடுதி ஆகிவிடாது. உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவும், இருட்டில் வெளியே நடக்காமல் போய்வரக்கூடிய கழிப்பறையும், இரவு முழுவதும் உடனிருக்கும் பெண் காப்பாளரும் வேண்டும். கட்டடத்துக்கு எளிதாகப் பணம் தருகிறவர்கள்கூட, காப்பாளர் சம்பளம் என்றதும் தயங்குவதை நீயும் பார்த்திருப்பாய். பெயர்ப்பலகை வைக்க முடியாத செலவு அது!

குழு கூடுவதற்குள் இரண்டு செலவுகளையும் தனித்தனியே கணக்கிட்டு எழுது. என் பங்கை அந்தச் சம்பளத்துக்கே அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜம்