கண் கழன்று வரும் பொம்மைகள்

ஆசிரியருக்கு,

ஆடித் திருவிழாவையொட்டி சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றிய கடைகளில் பொம்மை விற்பனை சூடுபிடித்திருப்பதாக வெளியான செய்தியைப் படித்தேன். விலையைச் சொன்ன செய்தி தரத்தைச் சொல்லவில்லை. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்; பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் தள்ளுவண்டிகளில் தொங்குபவை பெரும்பாலும் பெயரோ முகவரியோ அச்சிடாத பாப்பா பொம்மைகளே.

இவற்றில் முதலில் கெடுவது கண். பின்பக்கம் வாஷர் போட்டுப் பூட்டாமல், துளையில் அழுத்திச் சொட்டுப் பசையோடு விட்டுவிடுகிறார்கள். எச்சிலும் வெயிலும் பட்டால் பசை விட்டுப்போகும். விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினாலே கண் கையோடு வந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விழுங்கி மூச்சடைக்கக் கூடாது என்பதற்காக, 3 வயதுக்குட்பட்டோரின் பொம்மையில், 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கும் உதிரி எதுவும் கழன்று வரக்கூடாது என்பது விதி. இந்தக் கண் அதற்குள் தாராளமாகப் போகும். அழும் பொம்மையின் பட்டன் பேட்டரி இன்னும் கொடியது: தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். அதன் மூடியைத் திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். வெறும் கொக்கி போதாது. திருவிழாக் கடைகளுக்கு அனுமதி தரும்போதே, ஐஎஸ்ஐ முத்திரையும், அதற்காக இந்திய தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) தரும் சிஎம்/எல் உரிம எண்ணும் உள்ள பொம்மைகளையே விற்க வேண்டும் என மாநகராட்சி நிபந்தனை விதிக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் பெற்றோர் கடையிலேயே சரிபார்க்கலாம்.

- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்