ஒத்தக் காதுக்காரனின் நன்றி

ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக் கூட்டத்தார் எல்லாருக்கும்,

நேரில் சொன்னால் "அட போப்பா" என்று கையை உதறிவிட்டு வடை எடுக்கப் போய்விடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதிவிட்டால் தப்பிக்க முடியாது பாருங்கள்.

நம்மைத் தெரியாதவர்களுக்கு: கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், சண்டை தமிழில் நடக்கும், அந்த மாதிரி ஊர். ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த வாரம் கேட்ட ஆல்பத்தைப் பற்றிப் பேசுவோம். விதி ஒன்றே ஒன்றுதான், முதலிலிருந்து கடைசி வரை முழுசாகக் கேட்டிருக்க வேண்டும், ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வந்து ஆல்பத்தையே அளக்கக் கூடாது. வந்து உட்கார்ந்ததும் "இப்ப என்ன ஓடுது?" என்பதுதான் கேள்வி. சௌக்கியமா என்றுகூட யாரும் கேட்பதில்லை.

போன வருஷம் ஓணம் முடிந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் எழுந்தால் வலது காது இல்லை. இருக்கிறது, ஆனால் கேட்கவில்லை. உள்ளே மட்டும் ஒரு உறுமல், த்ரீ பேஸில் ஒரு பேஸ் போன மோட்டார் சுற்ற முடியாமல் நின்ற இடத்திலேயே 'ங்ங்ங்' என்று முனகுமே, அதே சத்தம். முதலில் காட்டிய இடத்தில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். எட்டு நாள் விட்டேன். அப்புறம் கோயமுத்தூர் போய் காதுக்கான டாக்டரிடம் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்கிற சோதனை, எடுத்துப் பார்த்தால் நரம்பு அடிபட்டிருக்கிறது, இது மாதிரி திடீரென்று ஒரு காது போனால் இரண்டு மூன்று நாளுக்குள் வந்து ஸ்டீராய்டு ஆரம்பித்திருக்க வேண்டும், இப்போதும் கொடுத்துப் பார்க்கலாம், எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். கொடுத்தார். கொஞ்சம் திரும்பியது, லாரி போனால் தெரிகிற அளவுக்கு. இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஆனால் தயவுசெய்து எட்டு நாள் விடாதீர்கள்.

தொழிலை எப்படியோ சமாளித்தேன். பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். இருபது வருஷமாக வலது காதில் வைத்த கை, தன்பாட்டுக்கு அங்கேயே போகும். நல்ல மோட்டார் போலிருக்கிறதே, சத்தமே இல்லையே என்று ஒரு நொடி தோன்றும். அப்புறம்தான் உறைக்கும், கை இடது பக்கம் மாறும்.

பாட்டுதான் முடியவில்லை. ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும், கேட்டு அலுத்துப்போனவர்கள் நீங்கள்தானே. அதில் சாக்ஸஃபோன் வாசிக்கிறவர்கள் இரண்டு பேர், ஸ்டீரியோவில் கோல்ட்ரேன் இடது பக்கம், கேனன்பால் ஆடர்லி வலது பக்கம். ஹெட்ஃபோனைப் போட்டு உட்கார்ந்தேன், டிரம்பெட் வந்தது, கோல்ட்ரேன் வந்தார், கேனன்பாலின் முறை வந்தபோது ஆளையே காணோம். பந்தியில் இலை போட்டிருக்கிறது, உட்கார வேண்டியவரைக் காணோம். ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்கிராப் டப்பாவில் போட்டேன். மூன்று ஞாயிறு வரவில்லை.

நான்காவது வாரம் ஆனவண்டி (கேரள அரசு பஸ்) ஓட்டுகிற அண்ணன் கடைக்கு வந்தார். காது எப்படி என்று கேட்கவில்லை. "இப்ப என்ன ஓடுது?" என்றார். "காதே ஓடலைங்க, ஆல்பம் எங்க ஓடுது" என்று எரிந்து விழுந்தேன். அதற்கு ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று அப்படிப் பேசியதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, இங்கே கேட்டுக்கொள்கிறேன் அண்ணா.

மறுநாள் மொபைல் கடைத் தம்பி வந்து என் போனை வாங்கி, செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி என்று ஒரு இடத்துக்குள் போய் 'மோனோ ஆடியோ' என்பதைத் தட்டிவிட்டுக் கையில் கொடுத்தான். இரண்டு பக்கத்துச் சத்தமும் கலந்து இரண்டு பக்கமும் வரும், அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை, அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டைப் போட்டேன். 1986-ல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம், வி. எஸ். நரசிம்மனின் வயலின். ஒரு வயலின் மேலே இன்னொன்று ஏறி வருகிற இடத்தில் இரண்டுமே இடது காதுக்குள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தன. பழைய விசாலம் இல்லை, அது வேறு. ஆனால் யாரும் விட்டுப்போகவில்லை. தம்பி கடைக்குப் போகணும் என்றான், நான் தலையைக்கூட ஆட்டவில்லை போலிருக்கிறது.

அப்புறம் தையல்கார அக்கா. ஒற்றை ஸ்பீக்கர் கேசட் பிளேயர் ஒன்றையும், உங்கள் அப்பா ரேடியோவிலிருந்து பதிந்து வைத்த, கர்நாடக சங்கீதப் பாடகர் எம். டி. ராமநாதன் கேசட் நான்கையும் மஞ்சப் பையில் போட்டுக் கொடுத்தீர்கள். "வெச்சுக்க கண்ணு, இதுல ஒரு பக்கம்தான் சத்தமே வரும்" என்று நீங்கள் சொன்னதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. ராமநாதன் மஞ்சப்ராக்காரர், நம்ம ஜில்லா, அந்தக் கனத்த குரலுக்கு ஒரு காது தாராளம். ஒரு விஷயம் உங்களிடம் சொல்லவில்லை. அவரே மெதுவாகப் பாடுகிறவர், உங்கள் பிளேயரின் பெல்ட் வேறு தளர்ந்திருந்தது. இரண்டு நாள் அதுதான் அவர் காலப்பிரமாணம், பாடுகிற வேகம், என்று நம்பிப் பரவசப்பட்டுக்கொண்டிருந்தேன். காயில் கட்டுகிறவனுக்கே இது தெரியவில்லை. மாஷ்தான் (நம்ம வாத்தியார்) கண்டுபிடித்தார், சுருதியே ஒரு கட்டை இறங்கியிருக்கிறதே என்று. எனக்கு மானம் போகாமலிருக்க, 'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலும் 1959-ல் முதல் நாள் பதிவில் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஓட்டும்போது அந்த ஆல்பத்தின் முதல் பக்கம் சுருதி ஏறியே விற்றது, 1992-ல்தான் சரி செய்தார்கள் என்றார். உலகமே முப்பது வருஷத்துக்கு மேல் அப்படிக் கேட்டதாம். நான் இரண்டு நாள்தானே.

மாஷே, உங்களுக்குத் தனியாக ஒரு பத்தி. பெரிய பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதருக்கே ஒரு காலத்தில் குரல் போய்த் திரும்பி வந்தது என்று நீங்கள் ஆறுதல் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. குரல் வேறு, நரம்பு வேறு. ஆனால் அடுத்த ஞாயிறு 'பெட் சவுண்ட்ஸ்' கொண்டுவந்தீர்களே, அது வேறு மாதிரி. 1966-ல் பீச் பாய்ஸ் என்கிற அமெரிக்கக் குழு வெளியிட்ட ஆல்பம். அதை உண்டாக்கிய பிரையன் வில்சனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலது காது கேட்காது, ஆல்பத்தை மோனோவில்தான் முடித்தார், ஸ்டீரியோவில் வந்தது 1997-ல் என்று நீங்கள் சொன்னபோது டீ ஆறிப்போனது. எனக்கும் வலது காது. ஆல்பம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், சர்க்கரை கூடிப்போன பாயசம். ஆனாலும் நான்கு தடவை கேட்டேன். அவர் கேட்டு முடித்து சரி என்று வெளியே விட்டது எதுவோ அதையேதான் நானும் கேட்கிறேன், ரெண்டு காதுள்ள நீங்கள் கேட்பதைவிட ஒரு துளி குறையாமல். கொஞ்ச நாள் அந்தத் திமிரிலேயே திரிந்தேன்.

எல்லாவற்றையும்விட பெரியது ஒன்று இருக்கிறது, அதை யார் செய்தது என்றே தெரியவில்லை. திரும்பி வந்த முதல் ஞாயிறு பெஞ்சின் வலது ஓரம், சுவரை ஒட்டிய இடம், காலியாக இருந்தது. அது மாஷின் இடம், பதினைந்து வருஷமாக. உட்கார்ந்தேன். வலது பக்கம் சுவர், ஆட்கள் எல்லாரும் இடது பக்கம். டீக்கடைச் சேட்டன் இந்தப் பக்கம் சுற்றி வந்து இடது கையில் கிளாஸைக் கொடுத்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அண்ணன் புதிதாக வாங்கிய, பீட்டில்ஸ் குழுவின் மோனோ ஆல்பங்கள் அடங்கிய பெட்டியின் விலையைப் பற்றி வீட்டில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தது மின்விசிறிக் காற்றில் கண்ணில் தூசி விழுந்ததால் அல்ல.

அண்ணா, கடையைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறீர்களே, அது மட்டும் வேண்டாம். ஒரு காதை வைத்துக்கொண்டு சத்தம் எந்தப் பக்கம் என்று பிடிக்க முடியாது, நடுரோட்டில் நின்று வேலந்தாவளம் பக்கமும் சித்தூர் பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறேன், ஊரே சிரிக்கிறது.

அக்கா, பிளேயருக்குப் புது பெல்ட் போட்டாயிற்று, ஹெட்டும் துடைத்து வைத்திருக்கிறேன். கேசட்டில் மூன்றைத் தருகிறேன், நான்காவதை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்கிறேன். இப்ப அதுதான் ஓடுது.