மறுநாள் காலை ரயில் ஏறியவர்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் பணியாற்றும் மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மும்பையில் வாழும் தமிழன். போரிவலிக்கும் சர்ச்கேட்டுக்கும் இடையே ஓடும் ரயிலில் நின்றபடியே என் ஆயுளில் ஒரு பெரும்பகுதி கழிந்திருக்கிறது. நீங்கள் வழக்கமாகப் போடும் ஒரு தலைப்பைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். 'இயல்பு நிலைக்குத் திரும்பியது மும்பை' என்ற தலைப்பு அது. 1993-இல் அதைப் படித்தேன். 2006-இலும் 2008-இலும் 2011-இலும் படித்தேன். தாக்குதல் நடந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அது அச்சாகிவிடுகிறது. கூடவே, நெரிசலான ரயில் வாசலில் தொங்கும் மனிதர்களின் படம். அந்தப் படத்தில் இருப்பவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. மாலை 6.24-க்குத் தொடங்கி பதினோரு நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. மாட்டுங்கா ரோடு, மாஹிம், பாந்த்ரா, கார், ஜோகேஸ்வரி, போரிவலி, மீரா ரோடு என்று எல்லாமே மும்பை புறநகர் ரயிலின் மேற்குப் பாதையில். எல்லாமே வீடு திரும்புவோர் நிறைந்த முதல் வகுப்புப் பெட்டிகளில். 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 800-க்கும் மேல். வேலை நீண்டுவிட்டதால் நான் அன்று அலுவலகத்திலேயே இருந்தேன். தொலைபேசி இணைப்பு கிடைக்கவில்லை. ரயில் இல்லை. நடந்தும், கிடைத்த வண்டியில் ஏறியும் வீடு சேர்ந்தபோது இரவு ஒன்றரை மணி.

அந்த வழியில் கண்டதை இன்றும் மறக்கவில்லை. சாலையோரக் குடியிருப்புகளிலிருந்து பெண்கள் குடம் குடமாகத் தண்ணீரும் பிஸ்கட் பொட்டலங்களும் கொண்டுவந்து நின்றார்கள். முன்பின் தெரியாத ஒருவர் காரை நிறுத்தி, "மலாட், காந்திவலி, யாராவது உண்டா?" என்று கூவினார். தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளில் இருந்தவர்கள் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கவில்லை. வீட்டுப் போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் எடுத்துவந்து, அவற்றில் காயம்பட்டவர்களைக் கிடத்தித் தூக்கிப் போனார்கள். அந்த விரிப்புகளில் பல திரும்பி வந்திருக்காது. அவர்களிடம் மாற்று விரிப்பு எத்தனை இருந்திருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

இதுதான் இந்த நகரத்தின் உரம். இதற்கு முகம் உண்டு, கை உண்டு. 2008 நவம்பர் 26 இரவு சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூடு தொடங்கியபோது, அறிவிப்பாளர் ஒருவர் தம் இருக்கையை விட்டு எழாமல், எந்தப் பக்கமாக வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் பயணிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே இரவு தாக்குதலுக்குள்ளான காமா மருத்துவமனையில் ஒரு செவிலியர் இருபது கர்ப்பிணிப் பெண்களை ஒரு சிறிய அறைக்குள் நகர்த்திக் காப்பாற்றினார். பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். இவற்றை எழுதுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆனால் மறுநாள் காலை நாங்கள் ரயில் ஏறியதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

2006 ஜூலை 12 காலை நானும் ரயில் ஏறினேன். பாதை அதற்குள் சீராகியிருந்தது. இரவெல்லாம் உழைத்த ரயில்வே ஊழியர்களுக்குத் தலைவணங்குகிறேன். எதற்காகப் போனேன்? விடுப்பு மிச்சமில்லை. என்னோடு வந்தவர்களில் நாள்கூலிக்காரர்கள் இருந்தார்கள். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் அதே காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட வேலைக்குப் போவது மேல் என்றும் பட்டது. பெட்டிக்குள் யாரும் பேசவில்லை. சீட்டாடும் கூட்டம் சீட்டை எடுக்கவில்லை. பஜனைக் கூட்டம் தாளத்தை எடுக்கவில்லை. மாஹிம் கடக்கும்போது பலர் கைகூப்பினார்கள். அந்த மௌனத்தைத்தான் மறுநாள் 'அஞ்சாத மும்பை' என்று எழுதினீர்கள். அன்று பங்குச்சந்தை ஏறியதையும் அதற்குச் சான்றாகக் காட்டினீர்கள். அஞ்சினோம், ஐயா. அஞ்சிக்கொண்டேதான் போனோம்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடி மாமா ஒருவர் குண்டு வெடித்த ரயிலில், அடுத்த பெட்டியில் இருந்தவர். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இரண்டு செவிப்பறையும் கிழிந்துவிட்டன. மூடிய இடத்தில் குண்டு வெடித்தால் காற்றழுத்தம் முதலில் காதைத்தான் தாக்கும். காயமில்லாமல் நடந்து வந்ததால், அன்று இரவு எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் ஏறவில்லை. நான்காம் நாள் வேலைக்குப் போனார். பிறகு ஓர் அறுவைச் சிகிச்சை, அதுவும் சொந்தச் செலவில். காதுக்குள் ஓர் இரைச்சல் மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. ரயிலில் மேலே பை வைக்கும் பரணில் கேட்பாரற்ற பை இருந்தால், "யே பேக் கிஸ்கா ஹை?" (இந்தப் பை யாருடையது?) என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் உட்காருவார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் பயணம் செய்தார். இவருக்கு இயல்பு நிலை எந்தத் தேதியில் திரும்பியது? அந்தக் குண்டுவெடிப்பில் காயமுற்ற ஓர் இளைஞர் ஒன்பது ஆண்டுகள் நினைவு முழுமையாகத் திரும்பாமலே கிடந்து 2015-இல் இறந்தார். அவர் தாய்க்கு?

நியூயார்க்கில் 2001 தாக்குதலின் தூசியைச் சுவாசித்தவர்களுக்காக 2010-இல் ஒரு சுகாதாரச் சட்டம் வந்தது. பின்னர் அதை 2090 வரை நீட்டித்தார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்தவரின் முதுமைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. தானாக வந்த சட்டமும் இல்லை. பாதிக்கப்பட்ட தீயணைப்பு வீரர்களும் குடியிருப்பாளர்களும் விடாமல் கேட்டார்கள்; செய்தியாளர்களும் அவர்களோடு சேர்ந்து கேட்டார்கள். நகரம் மீண்டுவிட்டது என்று முதல் வாரத்திலேயே எழுதி முடித்துவிட்டால், அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? இதில்தான் உங்கள் தலைப்பு எங்களுக்குக் கெடுதல் செய்கிறது. புகழ்ந்து முதுகில் தட்டியபடியே எங்களை வாசல்வரை அனுப்பிவைத்து விடுகிறது.

எங்கள் 2006 குண்டுவெடிப்பு வழக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 2015-இல் சிறப்பு நீதிமன்றம் பன்னிரண்டு பேரைக் குற்றவாளிகள் என்றது. ஐவருக்கு மரண தண்டனை. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. வழக்கை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்றது. அவர்களில் ஒருவர் அதற்கு முன்பே சிறையில் இறந்திருந்தார். சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளத் தடை விதித்தது; விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றும் கூறியது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் குண்டு வைத்தது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தீர்ப்பு வந்த அன்று மாமா செய்தித்தாளை மடித்து மேசையில் வைத்தார். "அப்ப யாருப்பா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும். கேட்பதற்கு மேடை உங்களிடம்தான் இருக்கிறது. விசாரணை எங்கே பிசகியது, இழப்பீடு யாருக்குக் கிடைக்கவில்லை, பட்டியலில் ஏறாத காயங்களுக்கு யார் பொறுப்பு என்று ஆண்டுக்கு ஒரு பக்கமாவது எழுதுங்கள். ஆண்டுதோறும் ஜூலை 11 மாலை மாஹிம் நிலையத்தில் அஞ்சலிக்காகக் கூடுகிறார்கள். அடுத்த முறை ஒரு நிருபரை அனுப்புங்கள். மெழுகுவத்தியைப் படமெடுத்த பிறகும் அவர் அங்கே கொஞ்ச நேரம் இருக்கட்டும். மாமாவையும் அழைத்து வருகிறேன். இடது பக்கமாக நின்று சற்று உரக்கப் பேசினால் அவருக்குக் கேட்கும்.

அன்புடன்,
மேற்கு ரயில்பாதைப் பயணி ஒருவன்