உப்புப் பூத்த கல்லும் உடன் நின்றவர்களும்

வணக்கம்.

இந்த மடல் வழக்கமாகத் தீபாவளிக்கு முந்தின வாரம், பலகாரத்தோடு உங்கள் கைக்கு வந்துவிடும். 2025இல் அது நடக்கவில்லை. ஏன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் கோயம்புத்தூரில் ஒரு வீட்டுக்கு எங்கள் பட்டறையிலிருந்து 1,800 ஆத்தங்குடித் தரைக்கல் அனுப்பினோம். பத்துக்குப் பத்து அங்குலம், சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்டது. கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவது கிடையாது, உங்களுக்குத் தெரியும். தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறி, அப்புறம் நன்றாகக் காய்ந்தால்தான் அது கல். நாங்கள் ஈரம் போகுமுன்னே வைக்கோல் வைத்துக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டோம். நாங்கள் என்ன நாங்கள், ஏற்றச் சொன்னது நான்தான். "இன்னும் நாலு நாள் கிடக்கட்டும் ஆச்சி" என்று பட்டறையில் மூத்தவர் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

பதித்துப் பத்து நாள் கழித்து மேஸ்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கூடம் முழுக்கக் கோலமாவைச் சிந்தி, கையால் இழுகிவிட்டது போல வெள்ளை. சிமென்டில் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தில் கரைந்து மேலே வந்து, காற்றுப் பட்டதும் வெளுத்துப் படிந்துவிடும். அதைத்தான் உப்புப் பூப்பது என்கிறோம். காரணம் தெரிந்து என்ன செய்ய, அன்று ராத்திரி பஸ் ஏறினேன்.

மேஸ்திரி என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் ஒரு ஈரத்துணியை எடுத்து ஒரு கல்லைத் துடைத்தார். சிவப்பு பளிச்சென்று வந்தது. இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். டீ குடித்து முடிப்பதற்குள் ஓரத்திலிருந்து மறுபடி வெள்ளை ஏறிவிட்டது. "கல்லோட குத்தம் இல்லீங்கம்மா. காயட்டும், தொடைச்சுத் தொடைச்சு எடுத்துப்போடலாம். ஆகாததை மட்டும் பேத்துக்கலாம்" என்றார். ஒன்றரை மாதம் கூலி கேட்காமல் வாரம் ஒருமுறை போய்த் துடைத்துப் பார்த்தவர் அவர். 1,160 கல் தேறியது அவரால்தான். ஐயா, செப்டம்பரில் நான் அனுப்பிய பணத்தை நீங்கள் பாதி திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

மீதி 640 கல்லைப் புதிதாகப் போட வேண்டும். இங்கேதான் மதுரைக் கண்ணாடிக் கடை அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. எங்கள் தொழிலில் ஒரு நாளைக்கு எத்தனை கல் என்பதைத் தீர்மானிப்பது ஆள்கூட இல்லை, கண்ணாடி. கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கரண்டியால் வண்ணத்தை ஊற்றி, அச்சை எடுத்து, காய்ந்த மணல் கலவையைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டினால், அது இறுகிப் பிரியும்வரை அந்தக் கண்ணாடி அந்தக் கல்லுக்கு அடிமை. அந்த மாதம் இருந்த கண்ணாடி எல்லாம் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு வேலைக்குப் போயிருந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து 200 கண்ணாடி வெட்டிக் கொடுத்தார், கடனுக்கு. "ஐந்தொகை போடுறப்ப பாத்துக்கலாம்" என்று அவர் சொன்னது, வரவுசெலவுக் கணக்கு முடிப்பதற்கான எங்கள் ஊர் வார்த்தையை மதுரைக்காரர் வாயில் கேட்டதால் கூடுதலாக இனித்தது.

வண்ணப்பொடி தரும் நண்பருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பழைய சிவப்புக்குப் பக்கத்தில் புதுச் சிவப்பு வைத்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும். அதே சரக்கில் நாலு மூட்டை திண்டுக்கல்லில் வேறொருவரிடம் கிடப்பதைத் தேடிப்பிடித்து, அவருக்கு வேறு மூட்டை கொடுத்து மாற்றி வாங்கித் தந்தார். இதற்கு எந்தப் பில்லும் வரவில்லை.

அந்த வீட்டின் ஆர்க்கிடெக்ட் எங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை. வீட்டுக்கார அம்மாவோ ஒருபடி மேலே போனார். கூடத்தில் பவானி ஜமுக்காளத்தை விரித்துவிட்டுக் குறித்த நாளிலேயே பால் காய்ச்சினார். வந்தவர்கள் கேட்டதற்கு, "கீழே பூ இன்னும் மலரலை" என்றாராம். நவம்பரில் ஜமுக்காளத்தைச் சுருட்டிவிட்டு எனக்கு வீடியோ அழைப்பில் காட்டினார். எனக்குப் பேச்சு வரவில்லை, நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

சரி, மற்ற கணக்கு. பார்சல் லாரிக்காரர்கள் வருடம் முழுக்க உடைத்தது 31 கல்தான், கும்பிடு. எங்கள் ஆடிட்டருக்கு ஒரு கும்பிடு. செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமானதும், கல் விலையைக் குறையுங்கள் என்று கேட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: சிமென்டுக்குக் கட்டிய வரியை, கல் விற்கும்போது நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதால் எங்கள் அடக்கவிலை அதில் பெரிதாக இறங்கவில்லை, முடங்கிக் கிடக்கும் கைக்காசுதான் கொஞ்சம் குறைந்தது. இருந்தும் கேட்டதில் தப்பில்லை. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தை நான் நினைவூட்டாமலே கடைப்பிடித்த அத்தனை பேருக்கும் தனி நன்றி. ஐந்து மாதமாக "நாளைக்கு" என்று சொல்லும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் இங்கே வராது, அவருக்குப் பலகாரக் கொட்டானும் போகாது.

பட்டறைக்குள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டிலிருந்து, தொட்டியில் இருந்து எடுத்த தேதியைச் சாக்கட்டியால் ஒவ்வொரு அடுக்கிலும் எழுதுகிறோம். எதை எப்போது கட்டலாம் என்று சொல்வது அந்த மூத்தவர். நான் அவசரப்படுத்தினால் அவர் பதில் பேசுவதில்லை, தேதியைச் சுட்டிக்காட்டுகிறார். அதனால் இனி உங்கள் சரக்கு ஒரு வாரம் தாமதமாக வரலாம். போன் போட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அவரிடம் நானே பயந்துதான் பேசுகிறேன்.

எங்கள் நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பு முடிந்த கையோடு இதை எழுதுகிறேன். 21 இழை திரித்து மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும்போது ஒவ்வொரு வருடமும் என்னமோ வேண்டிக்கொள்வேன். இந்த முறை வேண்டுவதற்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் முகங்கள்தான் வரிசையாக வந்தன.

பொங்கலுக்குப் பட்டறை நாலு நாள் லீவு. இந்த மடலோடு வரும் பனையோலைக் கொட்டானில் தேன்குழலும் சீப்புச் சீடையும் மனகோலமும் இருக்கும். கொட்டானைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அடியில் எட்டுக்கு எட்டில் ஒரு கல் வைத்திருக்கிறேன். டிசம்பர் 2ஆம் தேதி தொட்டியிலிருந்து எடுத்தது, பின்பக்கம் சாக்கட்டியில் எழுதியிருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.