ஈஸ்டர் பின்னலைத் தவக்காலத்துக்கு முன்பே வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பின்னல் வேலை பற்றி ஏதாவது வந்தால் அது பெரும்பாலும் டிசம்பரில்தான் வருகிறது, ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா என்று. ஈஸ்டருக்காகப் போன முறை வெளியிட்ட குரோஷா (ஒரே கொக்கியால் பின்னுவது) முயல் பொம்மை மிக அழகாக இருந்தது, ஆனால் குருத்தோலை ஞாயிறு அன்று வந்தது. அதற்கு அடுத்த ஏழு நாளில் யாரால் உட்கார்ந்து பின்ன முடியும்? பெரிய வியாழன், பெரிய வெள்ளி, சனி இரவு என்று வரிசையாக ஆராதனைகள், நடுவில் வீடு ஒழுங்குபடுத்துவது, வரப்போகிறவர்களுக்குப் படுக்கை போடுவது, விடுமுறை என்பதால் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகள். அந்த முயலைப் பின்னத் தொடங்கியவர்களில் பாதிப் பேராவது காது இல்லாமலே அதை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஈஸ்டருக்கான பின்னல் செய்முறைகளை, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே வெளியிடுங்கள், குடும்ப வேலைகளுக்கு நடுவே முடிக்கக்கூடிய சின்னச் சின்ன வேலைகளாகத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் கூடவே போடுங்கள்.

கிறிஸ்துமஸ் மாதிரி ஈஸ்டர் ஒரே தேதியில் வருவதில்லை. மார்ச் 21-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்பது கணக்கு, ஆகவே அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழும். 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. மூன்று ஆண்டில் மூன்று வாரத்துக்கு மேல் நகர்ந்துவிடுகிறது! பத்திரிகையில் ஏப்ரல் மாதச் சிறப்புப் பக்கம் என்று திட்டம் போட்டு வைத்தால் 2027-இல் பண்டிகை முடிந்த பிறகுதான் அது வாசகர் கைக்கு வரும். சாம்பல் புதனிலிருந்து கணக்கு வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஞாயிறுகளைத் தள்ளி நாற்பது நாள், எந்த ஆண்டானாலும் மாறாது. 2027-இல் அது பிப்ரவரி 10. தவக்காலம் என்பதே கொஞ்சம் அடங்கி இருக்கும் காலம், மாலையில் டிவியையும் போனையும் குறைத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. கையில் ஒரு நூல்கண்டு இருந்தால் அந்த மாலைகள் எவ்வளவு நன்றாகப் போகும் என்று பின்னுகிறவர்களுக்குத் தெரியும்.

குளிர் போய் வெயில் ஏறும்போது எதற்குப் பின்னல் என்று கேட்பவர்கள் உண்டு. பின்னல் என்றாலே கம்பளி என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. உண்மையில் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல் துண்டுகளில் எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகளும் உண்டு, நீலமும் வெள்ளையுமாக, 11 முதல் 14-ஆம் நூற்றாண்டுக்குள் பின்னியவை. பருத்தி ஒன்றும் பின்னலுக்குப் புதிதாக வந்ததல்ல. வசந்த காலத்துக்கு அதுதான் சரியான நூல், உடம்பில் குத்தாது, வியர்வையை உறிஞ்சும், பெரும்பாலும் மெஷினில் துவைக்கலாம். ஆனால் பருத்திக்குக் கம்பளி மாதிரி இழுவை கிடையாது, இழுத்துவிட்டால் தானாகப் பழைய அளவுக்குத் திரும்பாது, நனைந்தால் கனத்துத் தொங்கும், நீண்ட நேரம் பின்னினால் விரலும் மணிக்கட்டும் சீக்கிரம் வலிக்கும். கம்பளிக்கு எழுதிய செய்முறையில் 'பருத்தியிலும் செய்யலாம்' என்று ஒரு வரி சேர்த்துப் போடுவது போதாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கை ஓரத்திலும் இடுப்பிலும் இறுக்கிப் பிடிக்க வரிவரியாகப் போடும் ரிப் பின்னல் பருத்தியில் தளர்ந்துவிடும், அதற்கு ஊசியை ஓர் அளவு குறைக்க வேண்டும், அதைச் செய்முறையிலேயே எழுதித் தர வேண்டும்.

மினுமினுக்கும் மெர்சரைஸ்டு பருத்தி பற்றியும் யாராவது ஒரு பத்தி எழுதினால் நன்றாக இருக்கும். ஜான் மெர்சர் என்பவர் 1844-இல் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த முறை அது, நூல் பலமானது, சாயமும் நன்றாகப் பிடித்தது, ஆனால் பளபளப்பு அப்போது வரவில்லை. நூலைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தபடியே நனைத்தால்தான் அந்த மினுக்கம் வரும் என்று 1890-இல் ஹொரேஸ் லோ காட்டினார். பூக்கள், மேசை விரிப்பின் ஓரம், ஈஸ்டர் முட்டைக்கு உறை, இவற்றுக்கெல்லாம் அந்த நூல்தான் எடுப்பு, கண்ணிகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். முகம் துடைக்கும் துணிக்கோ குழந்தையின் போர்வைக்கோ மினுக்கம் இல்லாத சாதாரணப் பருத்தியே மெத்தென்று இருக்கும்.

அப்புறம், குடும்பத்துக்கு நடுவில் பின்னுவது என்பதே தனி விஷயம், அதைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஐந்து பேர் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் குரோஷாவுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: கொக்கியில் எப்போதும் இருப்பது ஒரே ஒரு கண்ணிதான், அதைக் கொஞ்சம் நீளமாக இழுத்து ஒரு ஊக்கு மாட்டிவிட்டு எந்த நிமிடமும் எழுந்து போகலாம். ஊசிப் பின்னலில் ஒரு வரி முழுக்க ஊசியிலேயே நிற்கிறது, நடுவரியில் கீழே வைத்து ஒரு குழந்தை ஊசியை உருவிவிட்டால் கண்ணிகள் ஏணி மாதிரி கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆகவே பெரிய வாரத்துக்கு அருகில் வரும் செய்முறைகள் குரோஷாவாகவும், தனித்தனித் துண்டுகளாகச் செய்து கடைசியில் இணைப்பவையாகவும் இருந்தால் நல்லது. கிரானி ஸ்கொயர் எனும் சதுரங்கள் அதற்கென்றே அமைந்தவை. ஒரு சதுரம் என்றால் ஓர் இடைவெளியில் முடிந்துவிடும், பையிலேயே வைத்திருக்கலாம், நாலு பேர் நாலு இடத்தில் உட்கார்ந்து செய்தாலும் ஒரே போர்வையாகச் சேரும் (எல்லோரும் ஒரே அளவு கொக்கி வைத்துக்கொண்டால், ஒருவர் கை இறுக்கம் இன்னொருவருக்கு வராது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால்). ஊசிப் பின்னலை, முக்கியமாகக் கண்ணி எண்ணிச் செய்யும் லேஸ் வகையை, தவக்காலத்தின் முதல் வாரங்களிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஈஸ்டர் இரவுத் திருவிழிப்பு காலம் காலமாகத் திருமுழுக்குக்கான (ஞானஸ்நானத்துக்கான) இரவு. அந்தச் சமயத்தில் குடும்பத்தில் ஒரு குழந்தை இருந்தால் பாட்டி, அத்தை, சித்தி எல்லோரும் வெள்ளை நூலைத் தேடுவார்கள். இதற்குப் போடும் செய்முறையில்தான் மிகுந்த கவனம் வேண்டும் என்பது என் கருத்து. அழகாக இருக்கிறதே என்று பெரிய ஓட்டைகள் உள்ள லேஸ் போர்வையைப் போடாதீர்கள், குழந்தையின் விரல் அதில் மாட்டும், உள்ளே தொங்கும் நீள நூல் விரலைச் சுற்றி இறுக்கிக்கொள்ளவும் கூடும். குல்லாவுக்குக் கழுத்தில் கட்டும் நாடா வேண்டாம், தூங்கும்போது குல்லாவையே கழற்றிவிட வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைக்குப் பிளாஸ்டிக் கண்ணோ பட்டனோ வைக்கக் கூடாது, நூலாலேயே கண் தைக்கலாம், பார்க்கவும் அதுதான் சாந்தமாக இருக்கும். சட்டை பின்னுகிறவர்களுக்கு, கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லன் முறையை (கைகள் கழுத்திலிருந்தே சாய்வாக இறங்கும் அமைப்பு) கொடுங்கள், குழந்தை வளர வளர ஓரத்தை அவிழ்த்து நீளம் கூட்டிக்கொள்ளலாம். கூடவே 10 செ.மீ. சதுர மாதிரி ஒன்றைப் பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். பருத்தி துவைத்த பிறகு அளவு மாறும், அதை முன்னாலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ பேரின் உழைப்பு வீணாகாமல் இருக்கும்.

பிள்ளைகளுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள், 'சிறுமியருக்கு' என்று தலைப்புப் போடாமல். பையன்களுக்கும் இது பிடிக்கும், கையில் வேலை இருந்தால் ஓடித் திரியும் பிள்ளையும் உட்கார்ந்துவிடுகிறான். விரலிலேயே பின்னும் முறைக்கு ஊசியே வேண்டாம். வெறும் சங்கிலிக் கண்ணி மட்டும் தெரிந்த பிள்ளைகூட ஒரு நீளச் சங்கிலி போட்டுத் தந்தால் பெரியவர்கள் செய்த முட்டைகளையும் பூக்களையும் அதில் கோத்துத் தோரணமாகக் கட்டலாம். தாத்தா பாட்டிகளுக்கு வெளிர் நிற நூலும், தடித்த கைப்பிடி உள்ள கொக்கியும், கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்ட செய்முறையும். கறுப்பு நூலில் சாயங்கால வெளிச்சத்தில் கண்ணி தேடச் சொல்வது கண்ணுக்குப் பாவம்.

நேரத்தைப் போடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கைப்பின்னலைப் பார்த்து 'அந்த லீவில் எனக்கும் ஒன்று பின்னிக் கொடேன்' என்று கேட்பவர்களுக்கு அதில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று தெரியாது, தெரிந்திருந்தால் அவ்வளவு சுலபமாகக் கேட்க மாட்டார்கள். ஊசிப் பின்னலுக்கு 1589-இலேயே வில்லியம் லீ ஓர் இயந்திரம் செய்துவிட்டார். குரோஷாவுக்கு அப்படி இல்லை, அதைப் போலத் தோன்றும் துணியைத் தரும் இயந்திரங்கள் இருக்கின்றன, ஆனால் கடையில் தொங்கும் உண்மையான குரோஷா மேலாடை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கொக்கியால் கண்ணி கண்ணியாகப் போட்டிருக்கிறார். அது மிக மலிவாகக் கிடைத்தால் அந்த விரல்களுக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று கேட்க வேண்டாமா? அயர்லாந்தில் 1840-களின் கொடும் பஞ்சத்தின்போது குரோஷா லேஸ் செய்துதான் பல குடும்பங்கள் சாப்பிட்டன, கன்னியாஸ்திரிகள் மடங்களில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கலைக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறது, பண்டிகைக் காலத்தில் பொழுதுபோக்கு என்று இரண்டு வரியில் முடித்துவிடக்கூடியது அல்ல. செய்முறையின் மேலேயே 'பழகியவர்களுக்கு 3 மணி நேரம், புதியவர்களுக்கு 6' என்று அச்சில் வந்தால், அதைப் பின்னாதவர்களும் படிப்பார்கள்.

எப்படிப்பட்ட செய்முறையைக் கேட்கிறேன் என்று காட்ட, எங்கள் வீட்டில் செய்யும் ஈஸ்டர் முட்டையை எழுதுகிறேன், விரும்பினால் வெளியிடுங்கள். 3.5 மி.மீ. கொக்கி, நடுத்தரத் தடிமன் பருத்தி நூல். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 சிங்கிள் குரோஷா, அதாவது குட்டையான அடிப்படைக் கண்ணி. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, 12 ஆகும். மூன்றாவதில் ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணியில் இரண்டு, 18. நான்காவதில் இரண்டு கண்ணி விட்டு ஒரு கண்ணியில் இரண்டு, 24. (விட்டு என்றால் அவற்றில் ஒவ்வொன்று போட்டுவிட்டு என்று அர்த்தம், தாண்டிவிடுவது அல்ல.) பிறகு நான்கு சுற்று கூட்டாமல் குறைக்காமல் அப்படியே. ஒன்பதாம் சுற்றில் ஆறு போட்டு இரண்டை ஒன்றாக்குவது, மூன்று முறை, 21. அடுத்த சுற்று அப்படியே. பிறகு ஐந்து போட்டு ஒன்று குறைக்க 18, நான்கு போட்டுக் குறைக்க 15, மூன்று போட்டுக் குறைக்க 12. இந்த இடத்தில் பஞ்சு அடைத்துவிட்டு, கடைசிச் சுற்றில் இரண்டிரண்டாகச் சேர்த்து 6 ஆக்கி, நூலை உள்ளே ஓட்டி இறுக்கி முடிக்க வேண்டும். நிறம் மாற்றுவதானால் நடுவில் வரும் நான்கு சுற்றில் மாற்றுவது அழகு. சாயங்காலம் இரண்டு பேர் பேசிக்கொண்டே உட்கார்ந்தால் ஆளுக்கொன்று முடியும்.

இதில் நான் சொல்லும் சிங்கிள் அமெரிக்க முறை. பிரிட்டிஷ் புத்தகங்களில் அதே கண்ணியை டபுள் என்று எழுதுவார்கள். நீங்கள் எங்கிருந்து எடுத்துப் போட்டாலும் எந்த முறை என்று மேலே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் முட்டை இரு மடங்கு உயரத்தில் வந்து நிற்கும். வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் போடுவதானால் குறியீடுகள் பெரிதாக இருக்கட்டும். 2027-க்கு, பிப்ரவரி 7 ஞாயிறு இணைப்பில் முதல் செய்முறை வந்தால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி